அதே கடை, அதே எடை

மாதத்தின் இரண்டாம் செவ்வாய் எனக்கு மாட்டுங்கா.
படிவக் கட்டு போய் இப்போது கையில் டேப்லெட்.
விரலால் தட்டினால்
துவரம்பருப்புக்கு ஒரு கட்டம் திறக்கும்.
விதி ஒன்றுதான்:
அதே கடை, அதே ரகம், அதே எடை.
ஊர் எப்படி வேண்டுமானாலும் மாறட்டும்
நான் கேட்கும் கேள்வி மாறக்கூடாது.

வேல்ஜி கடையில் பிஸ்கட் பாக்கெட்
போன வருடம் போலவே பத்து ரூபாய்.
புரட்டிப் பார்த்தேன். பொடி எழுத்தில்
ஐம்பத்தைந்து கிராம் நாற்பத்தெட்டாகியிருந்தது.
பத்து ரூபாய் அப்படியே நிற்க
பிஸ்கட் மட்டும் வயிற்றை எக்கிக்கொண்டிருக்கிறது.
"இதையுமா எழுதுவாய்?"
எழுதுவேன், வேல்ஜி பாய்.
இந்த நகரத்தில் நான் பிடிக்க முடிந்த திருட்டு
இந்த ஏழு கிராம்தான்.

தக்காளியை நான் நம்புவதில்லை.
ஆடியில் நூற்றிருபது,
ஐப்பசியில் கூடையோடு சாக்கடை ஓரம்.
அதுபோலக் குதிப்பவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால்
விலைவாசி அமைதியாகத்தான் இருக்கிறது என்று
பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்.
கழித்துவிட்டுப் பார்க்க வருகிறது.
கழித்துவிட்டுக் குழம்பு வைக்கத்தான் வரவில்லை.

ஆண்டாப் ஹில் திருப்பத்தில் ஷம்சுதீன் சலூன்.
முடிவெட்ட எண்பது.
பதினெட்டு மாதமாக எண்பது.
'மாற்றமில்லை' என்று தட்டினேன்.
மூன்று நாற்காலியில் ஒன்றுக்குப் போர்வை.
எதிரே, முப்பத்திரண்டு மாடிக்குத் தோண்டிய குழியில்
மழைத்தண்ணீர், நடுவில் ஒரு கொக்கு.
கிரேன் நின்றதும் ஞாயிற்றுக்கிழமைத் தலைகள்
பிகாருக்கு ரயிலேறிவிட்டன.
"ஏன் ஏறலைன்னு கேக்கிற கட்டம்
உன் மெஷினில் இருக்கா, பஹன்?"
இல்லை.
தேடுவதுபோல் கொஞ்ச நேரம் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எனக்கு முன்னால் பொன்னுத்துரைக்குத் தெரியும்.
தாராவியில் பழைய அட்டைப்பெட்டிக் கிடங்கு அவருக்கு.
நாடே ஓடுகிறது என்று டிவி சொன்ன மார்ச்சில்
ஷூ பெட்டி குறைந்தது, பிறகு மிக்ஸி பெட்டி.
"ஆறு மாசம் பொறு" என்றார்.
ஐந்தாம் மாதமே அவருடைய இரண்டு பையன்கள் நின்றார்கள்.

இப்போது பெட்டி வருகிறது.
ஒட்டிய டேப்பின் வாசனைகூடப் போகாத பெட்டி,
ராத்திரி பதினொன்றுக்கும் லாரி.
அவர் விசிலடித்துக்கொண்டு படியேறினால்
என் திரையில் எண்கள் சூடேறத் தொடங்கும்
அடுத்த மாதமோ அதற்கடுத்த மாதமோ.
ஒரே பாயில் படுத்திருக்கிறோம்.
அவருக்கு எது நல்ல செய்தியோ
அது எனக்கு எண்ணெய் விலை.
ஆனாலும் விசிலடிக்கட்டும் என்றுதான் படுகிறது.

போன வெள்ளிக்கிழமை வேல்ஜி கடை டிவியில்
கோட்டு போட்ட ஒருவர் வாசித்தார்:
வட்டியில் மாற்றமில்லை,
மேல்நோக்கிய அபாயங்கள் உண்டு,
காத்திருந்து கவனிப்போம்.
அரைக்கிலோ பச்சைப்பயறு கேட்டு ஒரு பெண் வந்ததும்
வேல்ஜி அவர் வாயை அடைத்தார்.
உதடு மட்டும் அசைந்தது.
அந்தப் பேச்சில் எங்கோ
புள்ளிக்குப் பின்னால் இரண்டாம் இலக்கத்தில்
என் ஏழு கிராம் இருந்திருக்கலாம்.

எனக்கு நாளொன்றுக்குத் தரும் தொகை
மூன்று ஒப்பந்தமாக அதேதான்.
அதை யாரும் மாதாமாதம் வந்து கேட்பதில்லை.

இன்று, பட்டியலில் கடைசி, பாத்திரக்கடை.
இரண்டு லிட்டர் எவர்சில்வர் தூக்கு, மூடியோடு.
ஷட்டர் இறங்கியிருந்தது.
பூட்டின்மேல் தூசி விழத் தொடங்கிவிட்டது.
நீமா சேட் சூரத்துக்கு மகனிடம் போய்விட்டார்
என்றான் பக்கத்துக் கடைப் பையன்,
கடன் என்றும் சொன்னான், கொஞ்சம் குரல் தாழ்த்தி.

கட்டம் இரண்டு விடை தருகிறது:
நிரந்தரமாக மூடல். தற்காலிகமாக மூடல்.
மூன்று மாதம் வரை தற்காலிகம் என்று போடலாம்.
அதற்குப் பிறகு வேறு கடை, வேறு தூக்கு
நான் தேடிக் கொடுத்தாக வேண்டும்.

தற்காலிகம் என்று தட்டினேன்.
வடாலா பக்கம் ஏதோ ஒரு கிரேன்
திரும்புகிறதா, வெயிலில் அப்படித் தெரிகிறதா,
ரயில் கிளம்பிவிட்டது.